கத்தாத சிட்டம்மாள்

சிட்டம்மாளை நான் முதன்முதலில் பார்த்த அன்று அவள் புருஷன் வேதகிரி அவளை மாட்டுத் தும்பால் அடித்துக்கொண்டிருந்தான். மாட்டைக் கட்டுகிற அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு இருக்கும். அது முதுகில் விழும் ஓசை சேரிக் கோடியில் இருந்த எங்கள் மிஷன் பள்ளிக்கூடம் வரை கேட்டது. கிட்டே போனபோது அடிப்பவன் மூச்சு வாங்குவதும் கேட்டது. அடிபடுகிறவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெளியே நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கயிறு அறுந்ததும் அவன் நிறுத்தினான். அவள் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு, உருண்டு கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். காஞ்சிபுரத்தில் பள்ளி இறுதிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவிடம் வந்திருந்தேன். அப்பா தானியேல் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். ஊர் உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில், ஏரிக்குக் கீழண்டை இருந்தது. சனிக்கிழமைதோறும் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா ஜீப்பில் வந்து பள்ளிக்கூடத்தில் வைத்தியம் பார்ப்பார். அவருக்குத் தமிழ் அரைகுறை. அவர் கேட்பதைத் தமிழில் ஜனங்களுக்கும், ஜனங்கள் சொல்வதை ஆங்கிலத்தில் அவருக்கும் சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் வேலையாயிற்று.

"ஏன் ஒருவரும் தடுக்கவில்லை?" என்று அன்று அப்பாவைக் கேட்டேன்.

"அவள் கூவவில்லையே" என்றார் அப்பா.

சேரியில் அப்படி ஒரு வழக்கம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அயலார் நுழையக் கூடாது. ஆனால் அடிபடுகிறவள் வாய்விட்டுக் கூவிவிட்டால், சேரித் தலைவர் செங்கேணி தடியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போயே ஆகவேண்டும். பாதிச் சோற்றில் இருந்தாலும் எழுந்து போகவேண்டும். பிறகு விசாரணை, அபராதம்.

கல்யாணமான முதல் மாதம் சிட்டம்மாள் கூவியிருக்கிறாள். செங்கேணி வந்தார். விசாரித்தார்கள். வேதகிரிக்கு ஒரு கோழி அபராதம் போட்டார்கள். வேதகிரி வீட்டில் இருந்தது ஒரே கோழி. அது சிட்டம்மாள் ஐயங்கார்குளத்துத் தாய்வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதை அறுத்துக் குழம்பு வைத்தவளும் அவள்தான். பெரியவர்கள் தின்று ஏப்பம் விட்டுவிட்டு, "புருஷன் கால்ல உய்ந்து கும்புட்டுக்கோ" என்றார்கள். விழுந்தாள். அதன்பிறகு அவள் கூவவே இல்லை.

அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். அடி உதையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஊரில் அவளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. பண்ணைக்காரர் வேதாசலத்தின் நிலத்தில் சம்பா நடவு தொடங்கும்போது முதல் நாற்றை ஊன்றுகிற பெண் களையான முகத்தோடு இருக்கவேண்டும் என்பார்கள். வந்த வருஷமே நடவு ஆட்களின் தலைவி பவளம் அவளைத்தான் கூப்பிட்டு நிறுத்தினாள். இரண்டு வருஷம் முதல் நாற்று அவள் கையால். அந்த இரண்டு காலை வேளைகளில் மட்டும் வேதகிரி அவளை "வாம்மே" என்று கூப்பிட்டதாகப் பவளம் சொல்வாள்.

ஐம்பத்தெட்டு தையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மலர் என்று கூப்பிட்டார்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் லேசாக நிழல் தட்டியது. பெற்ற இரண்டாம் மாதமே களைபறிப்புக்கும் கதிரறுப்புக்கும் போனாள். நிழல் கறுத்தது. ஆவணியில் பார்த்தபோது கன்னம் இரண்டும் அடுப்புக்கரியைத் தேய்த்த மாதிரி இருந்தன. இடது பக்கம் தாடை வரை இறங்கியிருந்தது. மங்கு என்று எல்லாரும் சொன்னார்கள். ஜாதிக்காயை இழைத்துப் போட்டாள். கடலைமாவு தேய்த்தாள். தலைமேல் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு வேலைசெய்தாள். எதற்கும் மங்கு மறையவில்லை.

அந்தப் புரட்டாசியில் முதல் நாற்றுக்கு அவள் வரப்பில் வந்து நின்றபோது பண்ணைக்காரர் குடையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். "மூஞ்சியில அமாவாசையை வச்சிக்கினு வந்து நிக்குது. வேற ஆள உடு" என்றார். பவளம் வேறொருத்தியைக் கூப்பிட்டாள். சிட்டம்மாள் கையிலிருந்த நாற்று முடியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் இறங்கினாள்.

அன்று வேதகிரி அவளைக் கலப்பைக் காம்பால் அடித்தான். பண்ணையாளான அவனை ஆண்டை முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாளாம்.

மறுநாள் காலையில் அவளே அவனிடம் சொன்னாள்: "உத்திரமேரூர் சந்தையில மருந்து போடறவன் கீறானாமே. என்ன இட்டுகினு போ."

சந்தையில் மருந்து போடுகிறவன் பேர் ராஜாராம். வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு படுதாவின் கீழ் கண்ணாடிப் புட்டிகளைப் பரப்பி உட்கார்ந்திருப்பான். தேமல், படை, மங்கு, மரு எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே வெள்ளைப் பொடிதான். எலுமிச்சம் பழச்சாற்றில் குழைத்துப் பூசுவான், தோலை உரித்துவிடும். அடியில் புதுத்தோல் வரும் என்பான். அன்று நடந்ததை எனக்குச் சொன்னது சிட்டம்மாள். பக்கத்தில் புளி விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியும் பின்னால் அதையே சொன்னாள்.

"கொஞ்சம் எரியும்" என்றான் ராஜாராம். "ஆளாளுக்குத் தோலு ஒரு மாதிரி. எரிச்சல் தாங்காம எப்போ கத்தறாங்களோ, அப்போ மோர ஊத்திக் கழுவிடுவேன். சத்தந்தான் எனக்குக் கடியாரம். யோவ், நீ தலைய அமுத்திப் புடிச்சிக்கோ. மொகத்த ஆட்டுனா கண்ணுல பூடும்."

வேதகிரி அவள் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்து இடுக்கிக்கொண்டான். ராஜாராம் ஒரு குச்சியால் இரண்டு கன்னத்திலும் இடது தாடையிலும் பூசினான். பூசிவிட்டுப் படைக்கு மருந்து கேட்ட ஒரு வண்டிக்காரனிடம் பேசத் திரும்பினான். கத்தல் வந்தால் திரும்பலாம் என்றிருந்தான்.

கத்தல் வரவில்லை. அவள் கைகள் தரையைப் பிராண்டின. விரல் நகம் இரண்டு பெயர்ந்துபோயிற்று. குதிகால் மண்ணில் குழி பறித்தது. வேதகிரி ஜனங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். புளி விற்கிறவள்தான், "யோவ், பொகையிற மாதிரி கீதுய்யா!" என்று கூவினாள். ராஜாராம் திரும்பிப் பார்த்தபோது கன்னத்தில் தோல் கொப்புளித்து வெடித்திருந்தது. மோர்ச் சட்டியை அப்படியே அவள் முகத்தில் கவிழ்த்தான். மோரோடு தோலும் வழிந்தது.

"கத்தறதுக்கு இன்னா கேடு உனுக்கு? வாயில கொயக்கட்டையா வச்சிகினு கீறே?" என்று அவளைத்தான் திட்டினான். வேதகிரி அவன் கோட்டைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டான். புட்டிகள் உடைந்தன. ராஜாராமின் ஆட்கள் படுதாக் கம்பைப் பிடுங்கி வேதகிரியை முழங்காலில் போட்டார்கள். அந்த ரகளையில் அவள் தனியாக எழுந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஊர் வரைக்கும் நடந்தே வந்தாள்.

புண் ஆற ஒரு மாதமாயிற்று. ஆறின இடம் மூன்றும் வெளுத்துப்போயிருந்தன. கறுத்த முகத்தில், சுற்றிலும் இன்னும் கறுப்பாக ஓரம் கட்டிய மூன்று வெள்ளைத் தழும்புகள். முதலில் இருந்த மங்கு அதற்கு எவ்வளவோ தேவலை.

ராஜாராமுக்குச் சந்தையில் வியாபாரம் படுத்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். யார் கேட்டாலும், "எம் மருந்துல குத்தமில்ல. தோலே வெந்துபோச்சு, அந்தப் பொம்பள 'ஆ'ன்னு ஒரு வார்த்த சொல்லல. எந்த மனுசிக்காவது வலிக்காம இருக்குமா? அந்த எடத்துல அவளுக்கு உணர்ச்சியே இல்ல. அது இன்னா நோய்னு நான் வாயால சொல்லணுமா?" என்றான்.

வாயால் சொல்லவேண்டியிருக்கவில்லை. எங்கள் ஜில்லாவில் அந்த நோய் எல்லாருக்கும் தெரியும். தோலில் வெளுப்பு விழும். விழுந்த இடம் மரத்துப்போகும். பெருநோய். அவன் சொன்னது ஊருக்கு வந்து சேர்ந்ததும், இத்தனை வருஷம் அவள் அடிபட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் திடீரென்று ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது.

"தும்பு அறுந்துச்சே, அன்னிக்கு நான் பாத்தேன். கண்ணுல தண்ணி வரல."

"கலப்பக் காம்பு ஒடஞ்சிது. பொம்பள அசையல."

"அடிச்சா வலிக்காதவ எப்படிக் கத்துவா?"

பண்ணைக்காரர் வேதகிரியைக் கூப்பிட்டு, "அவள வச்சிக்கினு நீ என் தொழுவத்துல கால் வைக்காதே. மாட்டுக்கும் ஒட்டிக்கும்" என்றார். பவளம் அவளை நடவிலிருந்து நிறுத்தினாள். குளத்துக்குப் போனபோது பையன்கள் கல்லெறிந்தார்கள். ஒரு கல் குடத்தை உடைத்தது. அடுத்தது அவள் காதுக்குப் பின்னால் பட்டு ரத்தம் வந்தது. எறிந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "கிட்ட வாங்கடா, கட்டிப் புடிக்கிறேன்" என்றாள். ஓடினார்கள்.

கார்த்திகை பிறந்த வாரம் வேதகிரியின் அக்கா ஜெயம்மாள் வந்தாள். அவள் அடுத்த வரிசை வீட்டுக்காரி, குழந்தை இல்லாதவள். சிட்டம்மாள் மலருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெயம்மாள் குழந்தையின் காலைப் பிடித்து இழுத்தாள். மார்புக் காம்பு கடிபட்டுக் கிழிந்தது. சிட்டம்மாள் கைக்கு எட்டிய உலக்கையால் ஜெயம்மாளின் தோளில் ஒன்று போட்டாள். ஜெயம்மாள் கூவினாள், ஊர் கேட்கக் கூவினாள். செங்கேணி தடியோடு வந்தார். ஐந்தாறு பேர் சேர்ந்து சிட்டம்மாளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, குழந்தையை ஜெயம்மாள் தூக்கிக்கொண்டு போனாள். தொட்டதற்காக அந்த ஐந்தாறு பேரும் ஏரியில் போய் முழுகிவிட்டு வந்தார்கள்.

வேதகிரி தீர்த்துவிடுவதென்று சொல்லிவிட்டான். பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி முன் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. சாதாரணமாகத் தீர்த்தால் பால்குடிக் குழந்தை தாயோடு போகும். நோய்க்காகத் தீர்த்தால் குழந்தை தகப்பன் வீட்டோடு. அவள் ஊர் எல்லையைத் தாண்டி எங்காவது போய்ச் சேரவேண்டும்.

சிட்டம்மாள் செங்கேணியின் வாசலில் போய், பத்தடி தள்ளி நின்றாள்.

"பஞ்சாயத்த சனிக்கெயம வையுங்க."

"ஏன், சனிக்கெயம இன்னா?"

"தொரசாணி வர்ற நாளு. எனுக்கு உணர்ச்சி கீதா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். அந்தச் சந்தைக்காரன் இன்னா டாக்டரா?"

செங்கேணி யோசித்துவிட்டுச் சரி என்றார். கெட்டவரில்லை. அவருக்கும் அந்தக் கோழி ஞாபகம் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை வருவதற்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் மலர் ஜெயம்மாள் வீட்டில் அழுதது பள்ளிக்கூடம் வரை கேட்டது. சிட்டம்மாளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வந்து சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுப் போவாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. நான் சுடுதண்ணீரும் துணியும் கொண்டுபோய் வைப்பேன். ஒருநாள் அவளே கேட்டாள்:

"இன்னா பண்ணிப் பாப்பாங்க, வாத்தியார் பொண்ணே? சூடு போடுவாங்களா?"

"இல்லை. கண்ணைக் கட்டிவிட்டுப் பஞ்சால் தொடுவார். தொட்ட இடத்தை நீ விரலால் காட்டவேண்டும். அவ்வளவுதான்."

"கத்த வாணாமா?"

"வேண்டாம்."

"அப்போ சரி" என்றாள்.

சனிக்கிழமை நடுப்பகலுக்குக் களத்துமேட்டில் எல்லாரும் கூடினார்கள். செங்கேணியும் பெரியவர்களும் ஒரு பக்கம். ஜெயம்மாள் மலரைத் தூக்கிக்கொண்டு பெண்களோடு நின்றாள். வேதகிரி காதில் ஒரு வைக்கோல் துரும்பைச் செருகியிருந்தான், தச்சன் பென்சில் செருகுகிற மாதிரி. வாயில் பீடி. டாக்டரம்மா நாற்காலியை நடுவில் போட்டுச் சிட்டம்மாளை உட்காரவைத்தார். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று அவள் தரையில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவும் தரையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

முதலில் முழங்கையையும் காதுக்குக் கீழேயும் விரலால் அழுத்திப் பார்த்தார். நரம்பு தடித்திருக்கவில்லை என்றார். நான் உரக்கத் தமிழில் சொன்னேன். பிறகு என் கைத்துண்டால் அவள் கண்ணைக் கட்டினேன். டாக்டரம்மா பஞ்சை நூல்போலத் திரித்து அவள் நெற்றியைத் தொட்டார். சிட்டம்மாளின் விரல் நெற்றிக்குப் போயிற்று. புறங்கையைத் தொட்டார். விரல் அங்கே போயிற்று. வலது கன்னத்து வெளுப்பு. விரல் சரியாக அங்கே. மூக்கு. இடது கன்னத்து வெளுப்பு. சரியாக அங்கே.

"துணிக்குக் கீய கண்ணத் தொறந்து பாக்கறா" என்றான் வேதகிரி.

"நீ வந்து கட்டு, நைனா. நீதான் நல்லாக் கட்டிப்போடுவியே" என்றாள் பவளம். சிலர் சிரித்தார்கள்.

டாக்டரம்மா இடது தாடையைத் தொட்டார். மருந்து ஆழமாக இறங்கி, தோல் சுருங்கித் தடித்த இடம் அது.

சிட்டம்மாளின் விரல் அசையவில்லை.

இன்னொரு முறை தொட்டார். விரல் மடியிலேயே இருந்தது. கூட்டத்தில் ஒருவன், "பாத்தியா! பாத்தியா!" என்றான். பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஜெயம்மாள் குழந்தையின் முகத்தைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டரம்மா வேகமாகச் சொன்னார்: ஆழமாக வெந்த தழும்பில் பஞ்சு படுவது தெரியாது, அது நோயாகாது, மற்ற இரண்டு வெளுப்பிலும் உணர்ச்சி இருக்கிறது. நான் அதைத் தமிழில் சொன்னேன். என் குரல் என்றைக்கும் சின்னது. அந்தச் சத்தத்தில் முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"இந்தப் பஞ்சு வேலயெல்லாம் வாணாம்" என்று வேதகிரி எழுந்தான். "நான் காட்றேன்."

நாலு எட்டில் வந்து, பீடியை ஒரு இழுப்பு இழுத்துக் கங்கு சிவந்ததும், கண் கட்டியிருந்த சிட்டம்மாளின் தலைமயிரை இடது கையால் பற்றி, பீடியை அந்தத் தாடைத் தழும்பில் வைத்து அழுத்தினான்.

டாக்டரம்மா ஆங்கிலத்தில் கத்தினார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. தோல் கருகும் வாடை வந்தது. சிட்டம்மாள் கத்தவில்லை. அவள் கை இரண்டும் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தன. பிடித்த கையைக் கீழே இழுத்து, பீடியோடு சேர்த்து அவன் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கடித்தாள்.

"ஐயோ!" என்றான் வேதகிரி. "ஐயோ, யம்மா! உடச் சொல்லுங்க! யம்மாடி! கடிக்கிறாளே!"

அவள் விடவில்லை. அவன் மறு கையால் அவள் தலையில் குத்தினான். குத்தக் குத்தத் தாடையை இறுக்கினாள். எலும்பு நெறிபடும் ஓசையை நான் கேட்டேன். அவன் முழங்கால் மடிந்து அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மூன்று பேர் வந்து, ஒருவன் அவள் மூக்கைப் பிடித்து மூச்சை அடைத்த பிறகுதான் வாய் திறந்தது. வேதகிரியின் கட்டைவிரல் நுனிச் சதை நகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

சிட்டம்மாள் கண்கட்டை நெற்றிக்கு மேலே தள்ளினாள். ரத்தமும் புகையிலைத் தூளும் கலந்து துப்பினாள்.

"வலிச்சிது" என்றாள். "இந்தத் தடவ மட்டுமில்ல. எல்லாத் தடவையும் வலிச்சிது. போதுமா?"

பவளம்தான் முதலில் வாய் திறந்தாள்:

"தலைவரே, கூவுனது யாரு?"

"இன்னாம்மே?"

"கூவுனவங்களுக்குத்தான நீ தடிய எடுத்துகினு வந்து வெசாரிக்கணும்? இன்னிக்குக் கூவுனது வேதகிரி. வெசாரி. பொண்டாட்டி அடிச்சாளா, கடிச்சாளா? பாவம், புள்ளைக்கு வலிக்குதாம்."

களத்துமேடு முழுவதும் சிரித்தது. அவளைப் பெருநோய்க்காரி என்று சொன்னவர்களும் சிரித்தார்கள். செங்கேணி சிரிக்கவில்லை. தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முறைப்படி விசாரிக்கிற குரலில், "அபராதம் ஒரு கோழி. சிட்டம்மா, குடுப்பியா?" என்றார்.

"எங்கிட்ட ஏது கோயி? போன தடவையே தின்னுட்டீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வேதகிரி அலறியபோது காதிலிருந்த துரும்பு கீழே விழுந்திருந்தது. சிட்டம்மாள் தரையைத் தடவி அதை எடுத்தாள். இரண்டாகக் கிள்ளி, விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மடியில் போட்டாள்.

"பொம்பள கிள்றது வயக்கமில்ல" என்று பெரியவர் ஒருவர் சொன்னார்.

"அந்தாளுக்குத்தான் கை இல்லையே. நான் கிள்ளிட்டேன்" என்று சொல்லிவிட்டு, நேராக ஜெயம்மாளிடம் போய்க் கையை நீட்டினாள். வாயோரத்தில் ரத்தம் காயாமல் இருந்தது. ஜெயம்மாள் ஒரு கணம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பிறகு செங்கேணியைப் பார்த்தாள். அவர், "நோய் இல்லன்னா தாயோட" என்றார். ஜெயம்மாள் மலரைக் கொடுத்துவிட்டு அழுதாள். அவளுக்காகவும் நான் வருத்தப்பட்டேன்.

சிட்டம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். டாக்டரம்மா என் நோட்டை எட்டிப் பார்த்து, எழுதச் சொன்னார். சிட்டம்மாள், வயது இருபத்தொன்று, முகத்தில் மருந்துத் தீக்காயம், நோய் இல்லை, உணர்ச்சி இருக்கிறது. நான் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினேன். "கட்சீ வரிய இன்னொரு தரம் படி" என்றாள் சிட்டம்மாள். படித்தேன்.

அன்றே பவளத்தின் வீட்டுக்கு இடம் மாறினாள். ஐயங்கார்குளத்திலிருந்து அவள் அப்பா வந்து கூப்பிட்டார், போகவில்லை. அடுத்த சனிக்கிழமைகளில் வரிசையில் வந்து உட்கார்ந்து, டாக்டரம்மா கொடுத்த வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டாள். புதுத்தோலில் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், முகத்தை மூடிக்கொள் என்றார் டாக்டரம்மா. நான் அதைச் சொன்னதும் அவள், "முக்காடு போட்டுத்தான நட்டேன், அப்புறம் ஏன் கறுத்துச்சாம், கேளு" என்றாள். கேட்டேன். அவர், குனிந்து நடும்போது முகத்துக்கு நேர்கீழே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் வெயில் தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்து முகத்தில் அடிக்கிறது. முக்காடு அதைத் தடுக்காது என்றார்.

சிட்டம்மாள் களிம்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசம் நல்லா நட்டதுக்குத்தானா இது" என்று மட்டும் சொன்னாள்.

தை நடவில் மூக்குவரை துண்டால் மூடிக் கட்டிக்கொண்டு அவள் வயலில் இறங்கினாள். "கொள்ளக்காரி வந்துட்டா, மோதரத்தக் கயட்டுங்கடி" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். முதல் நாற்றை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பிற்று. மங்கு ஓரத்தில் நின்றது. பீடித் தழும்பு அப்படியே இருந்தது.

விரல் கடிபட்ட வேதகிரி ஒரு மாதம் வைத்தியத்துக்கு வரவில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறான். விரல் சீழ் வைத்து, கை முழங்கை வரை வீங்கின பிறகு ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அன்று வரிசையில் அவனுக்கு முன்னால் சிட்டம்மாள் மலரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா அவள் தாடைத் தழும்பில் கிளம்பியிருந்த சின்னப் புண்ணைக் கிள்ளிச் சுத்தம் செய்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வேதகிரியின் முறை. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். கத்தி விரலைத் தொட்டதோ இல்லையோ, அவன் போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் இருந்த குழந்தைகளெல்லாம் அழத் தொடங்கின. ஜீப் டிரைவர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தான். சேரியிலிருந்து இரண்டு பேர் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

சிட்டம்மாள் வாசற்படியில் நின்று துண்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி நோட்டைக் காட்டினாள்.

"அந்தாளுக்கு உணர்ச்சி நல்லாவே கீதுன்னு எய்திக்கோ, வாத்தியார் பொண்ணே" என்றாள்.